டாஷ்போர்டுக்கு ஆம்பூர் தோல்: எது வெயிலைத் தாங்கும், எது சுருங்கும்

பழைய பியட் 1100-ஐயோ பத்மினியையோ வீட்டில் நிறுத்தி ஹாட் ராட் பாணியில், அதாவது பழைய காரை இஷ்டப்படி மாற்றியமைத்து, இழைப்பவர்கள் இன்ஜின், சக்கரம், பெயின்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் டாஷ்போர்டுக்கு வருவார்கள். வேலூர்க்காரர் என்றால் அப்போது தோன்றுவது ஒன்றுதான். ஐம்பது கிலோமீட்டரில் ஆம்பூர் இருக்க ரெக்ஸின் எதற்கு, தோலே போட்டுவிடலாம். யோசனையில் தப்பில்லை. ஆனால் தோல் கடையில் போய் “டாஷ்போர்டுக்கு வேணும்” என்று மட்டும் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ஷூவின் மேல்பாகத்துக்கென்று பதப்படுத்திய அப்பர் தோல். தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். டாஷ்போர்டில் அது ஒரு கோடை தாண்டுவதே சந்தேகம்.

காரணம் வெயில். வேலூரைச் சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரி இங்கே புதிதல்ல. அந்த வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டாஷ்போர்டின் மேல்பரப்பு 80 டிகிரி வரை போகும். தோலுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வெளியேறத் தோல் சுருங்கும். சீட்டில் போட்ட தோல் சுருங்கினால் ஸ்பாஞ்ச் விட்டுக்கொடுக்கும். டாஷ்போர்டில் அடியில் இருப்பது தகரம், அது விட்டுக்கொடுக்காது. மூலைகளில் பசை பிய்ந்து, கண்ணாடி ஓரத்தில் தோல் சுருண்டு நிற்கும்.

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் தோல்களை இந்த ஒரு கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு மரமுறையில் பதனிட்ட தோல் மணமும் அழகும் சேர்ந்தது. பைக்கும் பெல்ட்டுக்கும் அருமை, டாஷ்போர்டுக்கு வேண்டாம். நனைந்த நிலையில் 75 முதல் 85 டிகிரிக்குள் அது சுருங்கத் தொடங்கிவிடும். காய்ந்த சூட்டில் விறைத்து வெடிக்கும். குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோல் நனைந்த நிலையில் 100 டிகிரி வரை தாங்கும். ஆனால் நாள்பட்ட வறட்டுச் சூட்டில் அதுவும் கொஞ்சம் உள்ளே இழுக்கும். கார் கம்பெனிகள் டாஷ்போர்டுக்கு விரும்புவது குரோம் சேர்க்காத ‘வெட் வொயிட்’ தோல். சுருக்கம் குறைவு என்பதே காரணம். ஏற்றுமதி ஆர்டரில் மிச்சம் விழுந்தால் அது கடைக்கு வரும், எப்போதும் கிடைக்காது. கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் சோபா, கார் சீட்டுக்கென்று முடித்த குரோம் மாட்டுத் தோல், 1.0 முதல் 1.2 மி.மீ. தடிமனில்.

அப்பர் தோலின் குறை சுருக்கத்தோடு நிற்பதில்லை. நடக்கும்போது ஆயிரம் முறை மடங்கினாலும் வெடிக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்தும் வெளுக்காமல் இருக்க வேண்டும் என்று அல்ல. எண்ணெயும் மெழுகும் ஏற்றிய ‘புல் அப்’ ரகம் இன்னும் மோசம். சூட்டில் அந்த எண்ணெய் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படியும். இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டால் சாலையே தெரியாது.

கடைக்காரர் சொல்வதை நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். ஒரு துண்டு வாங்கி வந்து சோதித்துவிடலாம். சரியாக 10 செ.மீ. சதுரம் வெட்டி, மூடிய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே நான்கு மத்தியானம் கிடத்தி, பிறகு அளந்து பாருங்கள். 1 மி.மீ. குறைந்திருந்தால் 120 செ.மீ. டாஷ்போர்டில் 12 மி.மீ. போகும்; உள்ளே மடித்து ஒட்டிய ஓரமே அவ்வளவுதான் இருக்கும். இன்னொரு துண்டை மூடிபோட்ட கண்ணாடி பாட்டிலில் இட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மூடியின் உட்புறம் பிசுபிசுத்தால் அந்த லாட்டே வேண்டாம். ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அளவு சதுர அடியில். பியட் டாஷ்போர்டின் மேல்பகுதிக்கு ஐந்தரை, கீழ் முகப்புக்கு மூன்று, கழிவுக்கு முப்பது சதவீதம் என்று போட்டால் 11 முதல் 12 சதுர அடி வரும். ஆட்டுத் தோல் மலிவாகக் கிடைத்தாலும் நீளம் போதாது. நட்டநடுவில் தையல் விழும். மாட்டுத் தோலில் ஒரு பாதி எடுத்து, முதுகெலும்பு ஓடிய திசையை டாஷ்போர்டின் நீளத்தோடு சேர்த்து வெட்டுங்கள். அந்தத் திசையில்தான் இழுவை குறைவு. வயிற்றுப் பகுதி தளதளவென்று இருக்கும், அதை மேல்பகுதிக்குப் பயன்படுத்தவே கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை, ஹாட் ராட் என்றதும் எல்லோரும் பிஸ்கட் கலரில் விழுகிறார்கள். முகப்புக்குப் போடலாம். மேல்பகுதி பளபளப்பில்லாத கறுப்பாகவே இருக்கட்டும்; வெளிர் நிறமோ மினுமினுப்போ முன்கண்ணாடியில் நிழலாக விழுந்து கண்ணைக் கூசவைக்கும்.

உண்மையில் ஆம்பூருக்குப் போக வேண்டிய முதல் காரணம் தோலே அல்ல, ஓரம் சீவும் ஸ்கைவிங் வேலைதான். அப்பர் தைக்கும் ஜாப் ஒர்க் கூடங்களில் இதற்கென்றே மெஷின் இருக்கிறது. 1.1 மி.மீ. தோலை அப்படியே மடித்து ஒட்டினால் ஓரம் கயிறு மாதிரி புடைத்து நிற்கும். ஓரத்திலிருந்து 12 முதல் 15 மி.மீ. அகலத்துக்கு 0.5 மி.மீ. வரை சீவினால் மடிப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வேலூர் குஷன் கடைகளில் பிளேடால் கையால் சீவுவார்கள். நேர்க்கோட்டில் சமாளிக்கலாம், வளைவில் ஓட்டை விழும். கெட்டி அட்டையில் பேட்டர்ன் வெட்டி, வெள்ளி ரீஃபில் பேனாவால் குறித்து, சீவ வேண்டிய பக்கத்தைத் தெளிவாக எழுதிக் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் பல இடங்கள் சாத்தியிருக்கும். வேலை முடியும்வரை பிரியாணிக் கடைப் பக்கம் போகாமல் இருப்பதும் நல்லது. நெய்க்கை பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

தையல் போடுவதானால் நைலான் நூல் வேண்டாம், வெயிலில் இற்றுவிடும். பாண்டட் பாலியஸ்டர் நூல், தையலுக்குத் தையல் 4 முதல் 5 மி.மீ. இடைவெளி. அதைவிட நெருங்கினால் ஊசித் துளைகளே கிழிசல் கோடாகிவிடும்.

தோலுக்கு அடியில் வைக்க ஷூ சாமான் கடையில் ஈ.வி.ஏ. ஷீட்டை (செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஃபோம்) எடுத்துக் கொடுப்பார்கள். சூட்டில் அது அமுங்கித் திரும்பி எழாது. துணி ஒட்டிய 3 மி.மீ. பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் போதும். பசை நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் ரகம்; ஃபெவிகால் எஸ்.ஆர். 998 எங்கும் கிடைக்கும். ஷூக் கூடங்களில் செய்வதுபோல, ஹார்டனர் ஏற்கும் பசையாக வாங்கி, அதன் டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்தால் சூடு தாங்கும் சக்தி கூடும். கலந்த பசையைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிசாக இரண்டு கோட்டிங். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவில் அழுத்தி ஓரங்களை நோக்கிப் போங்கள். வளைவில் பின்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து இழுத்தால் தோல் படியும். ஐப்பசி மழை நாளில் ஒட்டினால் பசைமேல் ஈரம் பூத்துப் பிடிக்காமல் போகும். சித்திரை மத்தியானத்தில் மேலே ஆடை கட்டி உள்ளே பச்சையாகவே நிற்கும். தை, மாசியில் வெயில் ஏறிய காலை நேரம்தான் தோது.

ரெக்ஸின்தான் போடுவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெக்ஸின்மேல் இருக்கும் பி.வி.சி. பூச்சிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை நியோப்ரீன் பசையை இளக்கிவிடும். அதற்குப் பி.யூ. பசை வாங்குங்கள்.

தகர வேலையில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஒயர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்டி, பெயின்ட்டை நீக்கி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் உரசி, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். பழைய ஸ்க்ரூ ஓட்டைகளைப் பட்டி போட்டு அடைத்தால் அதிர்வில் உதிரும். வெல்டிங் பொட்டு வைப்பதே சரி. புது கேஜ்களுக்காக (முள் காட்டும் மீட்டர்கள்) ஒரிஜினல் தகரத்தில் 52 மி.மீ. ஓட்டை போடுவது பெரிய பாவம். 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் தனி பேனல் செய்து கீழே தொங்கவிடலாம். கேஜும், டேங்கிலிருந்து அளவை அனுப்பும் சென்டரும் (sender) ஒரே ஓம் அளவில் ஜோடியாக இருக்க வேண்டும். 10–180 ஓம் கேஜுக்கு வேறு சென்டரை மாட்டினால் டேங்க் நிறைந்திருந்தாலும் முள் தப்பான இடத்தில் நிற்கும். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில் பழைய 30 ஆம்பியர் அம்மீட்டரை விட்டுவைக்காதீர்கள். முழுக் கரண்டும் அதன் வழியாகத்தான் ஓடும், டாஷ்போர்டுக்குள்ளேயே கருகும். வோல்ட்மீட்டர் போதும்.

2021-ல் வந்த மத்திய விதித் திருத்தப்படி 50 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்தோடு விண்டேஜ் பதிவு உண்டு. சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜினில் பெரிய மாற்றம் இருந்தால் கிடைக்காது. இன்ஜின் மாற்றிய ஹாட் ராட் அங்கேயே அடிபட்டுப்போகும். டாஷ்போர்டு உறை அந்தப் பட்டியலில் வராது, ஆனால் ஒயர் இழுக்க ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) வெட்டுகிற வேலை வேண்டாம்.

மிச்சத் தோலை மடித்து வைக்காமல், பளபளப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வையுங்கள். அடுத்த லாட்டில் அதே நிறம் அமையாது.