பாட்டறைக்குப் பஞ்சு ஒட்டுமுன் இதை வாசியுங்கள்

வீட்டில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்று ஒழுங்குபண்ணும் யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வருடம் எங்கள் வீட்டில் இதற்காக 273,000 ரூபா போனது. காசை விடுங்கள். அப்பா இரண்டு மாதமாக அந்த அறைக்குள் கால் வைக்காமல் முன்விறாந்தையிலேயே இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் வேலை செய்தவரின் பெயரைப் போடவில்லை. அவர் செய்த விதத்தை விவரமாகச் சொல்கிறேன். இதே விதத்தில் வேறு ஆள் வந்தாலும் உங்களுக்குப் பிடிபட வேண்டும்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். பின்பக்க அறை 14 அடி நீளம், பத்தரை அடி அகலம். மேலே கொங்கிறீற் தட்டு, கீழே ரைல்ஸ், நான்கு பக்கமும் வெறும் பூச்சுச் சுவர். கையைத் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி 'ட்ர்ர்' என்று திரும்பிவரும். ஆக, அறையில் குறை இருந்தது உண்மை.

பாட்டுக் கேட்கும் செற் அப்பாவுடையது. தபால் திணைக்களத்தில் வேலை செய்த காலத்தில், 1994இல், கொழும்பில் வாங்கியது. ஜப்பானில் பாவித்து வந்த அம்பிளிபையர், 100 வோல்ட். எங்கள் 230 வோல்ட்டுக்கு ஒத்துவராததால் இறக்கு மின்மாற்றி ஒன்றோடு ஓடுகிறது. இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கனத்த சத்தத்தை எழுப்பும் 10 அங்குல வூபர். அப்பாவிடம் நாதஸ்வர, தவில் கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில், இவை இரண்டும்தான் அவருக்கு உயிர். கசெற் தேய்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

வூபரின் கடதாசிக் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் போன வருடம் உதிரத் தொடங்கியது. எங்கள் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அந்த வகை ஃபோம் பத்துப் பதினைந்து வருடத்தில் பிசுபிசுத்துத் தூளாகிவிடும். எங்களுடையது இவ்வளவு காலம் நின்றதே பெரிய காரியம். அதைத் திருத்த ஆள் தேடும்போதுதான், கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி பூட்டும் ஒருவர் மூலம் இவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் வாசலில் நின்று இரண்டு தரம் கைதட்டினார். "ஐயா, இது முழு எக்கோ. இப்பிடியான அறையில எந்தச் செற்றும் வேலை செய்யாது" என்றார். நான்கு சுவரிலும் ஸ்ரூடியோப் பஞ்சு, அதாவது ஃபோம், ஒட்ட வேண்டும், ஒட்டினால் ரேடியோ நிலையம் மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டுக்கும் சத்தம் போகாது என்றார். அரை மணித்தியாலம் நின்றார். அவ்வளவு நேரத்தில் ஒரு பாட்டுக்கூடப் போட்டுக் கேட்கவில்லை. கதிரை எங்கே போடுவீர்கள், என்ன கேட்பீர்கள் என்றும் விசாரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்தார், சுவரின் சதுர அடியைக் கணக்குப் பார்க்க மட்டும். 410 சதுர அடி, அடிக்கு 450 ரூபாப்படி 184,500. ஸ்பீக்கர் வயருக்கு 28,500. வூபர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்த 60,000. முற்பணம் 150,000 கொடுத்தேன். துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

செப்டெம்பர் முதல் கிழமை வேலை முடிந்தது. அறை பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கறுப்புப் பஞ்சு, ஒரு அங்குலத் தடிப்பு, கூர்கூராக வெட்டியது. உள்ளே போனால் காதில் பஞ்சு அடைத்ததுபோல ஓர் அமைதி. மிச்சக் காசையும் கொடுத்தோம்.

அன்று பின்னேரம் அப்பா தெட்சணாமூர்த்தியைப் போடச் சொன்னார். தவிலைக் கிட்ட இருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் இரண்டு உலகம் இருக்கிறது. வலப்பக்கத் தோலான வலந்தலையில், விரல்களில் கூடு மாட்டி அடிக்கும்போது தெறித்து விழும் சொல் ஒன்று. இடப்பக்கத் தோலான தொப்பியில் குச்சி விழும்போது வரும் கனமான முழக்கம் மற்றது. இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துத் துரத்தும்போதுதான் தவில். புது அறையில் வலந்தலை செத்துப்போயிருந்தது. கூட்டின் தெறிப்பு முழுக்கப் பஞ்சுக்குள் போய்விட்டது. தொப்பி மட்டும் 'பூம், பூம்' என்று முன்னையதைவிட மோசமாக நின்று முழங்கியது. அப்பா ஐந்து நிமிடம் கேட்டார். "இது கோயில் தவில் இல்லையடா, பக்கத்து அறையில ஆரோ கதவுக்கு அடிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி எழும்பிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

வேலை செய்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "புதுப் பஞ்சு, புது வூபர். ரெண்டு மாசம் ஓடினாப் பழகும்" என்றார். நாங்களும் நம்பிக் காத்திருந்தோம். அப்படிக் காத்திருக்கச் சொல்வதுதான் இதில் ஆபத்தான இடம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒக்ரோபர் கடைசியில் மருமகன், மச்சாளின் மகன், வந்தான். பௌதிகம் படித்த பிள்ளை. ஒரு மைக்கும் மடிக்கணினியும் கொண்டுவந்தான். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் அறையை அளந்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, படத்தை விடுங்கோ, காதால கேளுங்கோ" என்று 80 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 80 அதிர்வில், ஒரே சுருதியை ஓடவிட்டு, பின்சுவரிலிருந்து முன்னுக்கு மெல்ல நடக்கச் சொன்னான்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம், கைத்தொலைபேசியில் சுருதி எழுப்பும் செயலி இருந்தால் போதும். பின்சுவரோடு நின்றபோது நெஞ்சுக்குள் அதிர்ந்தது. மூன்றரை அடி முன்னுக்கு வந்தேன், சத்தம் ஏறத்தாழ இல்லை. யாரோ நிற்பாட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் மூன்றரை அடி நடந்து அறையின் நடுவுக்கு வந்ததும் திரும்ப அதே முழக்கம். அதே ஸ்பீக்கர், அதே சத்தம். நான் நிற்கும் இடம் மட்டும்தான் மாறியது.

கணக்கு இலேசானது. சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீற்றர் ஓடும். எங்கள் அறையின் நீளம் 4.27 மீற்றர், போய்வர எட்டரை. 345ஐ எட்டரையால் பிரித்தால் 40 சொச்சம். அந்த 40 ஹேர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 80உம் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் கட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் எப்போதும் அவை உச்சத்தில் இருக்கும். அப்பாவின் கதிரை எங்கே இருந்தது? பின்சுவரோடு ஒட்டி.

ஒரு அங்குலப் பஞ்சு இதற்கு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 80 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 14 அடி. மெல்லிய பஞ்சு பிடிப்பதெல்லாம் உச்சச் சத்தங்களைத்தான்: கூட்டின் தெறிப்பு, சுருதிப்பெட்டியின் காற்று, நாதஸ்வரத்தின் சீவாளி பேசுவது. கேட்க வேண்டியதைத் தின்றுவிட்டு, குறைக்க வேண்டியதை அப்படியே விட்டது. எதிர்ச்சுவர் எக்கோவை நிற்பாட்ட நான்கு சுவரையும் மூடவே தேவையில்லை என்றும் அவன் விளங்கப்படுத்தினான்.

பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்றாரே, அதுவும் பொய். சத்தத்தை மறிக்கப் பாரம் வேண்டும், இடுக்கு இல்லாத கதவு வேண்டும். பஞ்சால் மறிக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா அதே தவிலை முன்போலவே தன் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பரில் வாடைக்காற்று மழை தொடங்கியது. வெளிச்சுவர் ஈரம் இழுத்தது, பஞ்சு அதை வெளியே விடவில்லை. ஒரு மூலையில் மணம் வரவே இழுத்துப் பார்த்தேன். பின்னால் கை அகலத்துக்குப் பச்சைப் பூஞ்சணம். பசையோடு சேர்ந்து சுவர்ப் பூச்சும் கையோடு வந்தது.

அதைவிடப் பயந்தது வேறொன்றுக்கு. பிய்த்த துண்டு ஒன்றை முற்றத்தில் வைத்து நெருப்புக்குச்சி காட்டினேன். இரண்டு மூன்று நொடியில் பற்றி, உருகிச் சொட்டி, கறுப்புப் புகையாக எழும்பியது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இரவு விடுதி ஒன்றில் 100 பேரும், 2013இல் பிரேசிலின் சாண்டா மரியாவில் 242 பேரும் இறந்தது சத்தத்துக்கென்று ஒட்டிய இப்படியான ஃபோம் தீப்பற்றித்தான். கரண்ட் போனால் மெழுகுதிரி கொளுத்தும் வீட்டில், 78 வயது மனிதர் தனியாக இருந்து பாட்டுக் கேட்கும் அறையில், நான்கு சுவரிலும் இதை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்றே முழுவதையும் கழற்றினோம்.

வயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தச் செம்பு என்று விற்றது. பிளேட்டால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. வாங்குமுன் ஒரு நூலைச் சுரண்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ஸ்பீக்கருக்கு 12 அடி தூரம் ஓட, வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரே தாராளம்.

வூபர் விசயம்தான் என்னால் மன்னிக்க முடியாதது. வளையம் மட்டும் மாற்றத்தான் கொடுத்தோம். திரும்பி வந்தவை பெட்டிக்குள் பூட்டியபடி வந்ததால் முகத்தை மட்டும்தான் பார்த்தோம். புது வளையம், மினுங்கும் கோன், சந்தோசப்பட்டோம். பஞ்சு கழற்றிய அன்று மருமகன் ஒரு வூபரைக் கழற்றிக் கையில் தூக்கினான், "இது பாரமே இல்லையே" என்றான். பின்னால் இருந்த காந்தம் பிஸ்கற் அளவு. எங்கள் பழையதை ஒரு கையால் தூக்க முடியாது. பழையவற்றை எடுத்துக்கொண்டு மலிவான வேறு இரண்டைப் பூட்டி அனுப்பியிருக்கிறார், அதற்கு 60,000 ரூபாவும் வாங்கியிருக்கிறார்.

பெட்டிக்குள் போகிற வூபர் எதுவாகவும் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெட்டியின் கனவளவும் அதன் குழாயும் குறிப்பிட்ட வூபருக்கென்றே கணக்குப் பார்த்துச் செய்யப்படுபவை. நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர் 1960களிலும் 70களிலும் வகுத்த கணக்கு அது, இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பாவிக்கிறார்கள். வேறு வூபரைச் செருகினால் 'பூம்' என்ற அந்த முழக்கம் இன்னும் கூடும். எங்களுக்குக் கூடியது.

திருத்தக் கொடுக்குமுன் வூபரைக் கழற்றி, பின்பக்கத்தைப் படம் எடுங்கள். காந்தத்தில் இருக்கும் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். தராசில் நிறுத்து நிறையையும் எழுதி, கொண்டுபோகிறவரின் கையெழுத்தை வாங்குங்கள். திரும்பி வந்ததும் அவர் முன்னாலேயே கழற்றிப் பாருங்கள். நான் இதில் ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் கடைசியில்தான் முறைப்பாடு கொடுத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருள் வாங்கிய அல்லது வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. "ரெண்டு மாசம் ஓடினாப் பழகும்" என்ற பேச்சை நம்பியதில் எனக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு கிழமைதான். பழகட்டும், பார்ப்போம் என்று எவர் சொன்னாலும் அன்றே நாட்காட்டியில் திகதியைக் குறியுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்டு வாங்குங்கள், அதில் பொருளின் பெயரும் வகையும் இருக்கட்டும். என் துண்டுக் கடதாசியைவிட அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள்தான் எனக்கு இப்போது கைகொடுக்கின்றன.

அறை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கதிரையைப் பின்சுவரிலிருந்து நான்கு அடி முன்னுக்கு நகர்த்தினோம். அதற்கு ஒரு சதம் செலவில்லை, பாதி முழக்கம் அன்றே போனது. அப்பாவைக் கதிரையில் இருத்தி, பக்கச் சுவரோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணாடியில் ஸ்பீக்கர் அவருக்குத் தெரிந்த இடங்களில் அடையாளம் போட்டோம், சத்தம் சுவரில் பட்டு அவருக்குத் தெறிப்பதும் அங்கேதான். அந்த இடங்களில் மட்டும், தச்சு பாஸ் செய்த மரச்சட்டத்தில் நான்கு அங்குல றொக் வூல் (கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சு) வைத்து, துணி போர்த்து, சுவரில் முட்டாமல் தொங்கவிட்டிருக்கிறோம். பின்சுவரில் அப்பாவின் புத்தக அலுமாரி. கீழே தடித்த பாய், யன்னலுக்குக் கனமான திரைச்சீலை. எல்லாம் சேர்த்து 40,000 ரூபாவுக்குள் முடிந்தது.

வூபர்தான் இன்னும் குறை. மருமகன் இரவல் தந்த சின்ன ஸ்பீக்கர்களில் அப்பா கேட்கிறார். தொப்பியின் ஆழம் அவற்றில் இல்லை, ஆனால் வலந்தலை திரும்ப வந்துவிட்டது. முதல் நாள் கேட்கும்போது கதிரையின் கையில் அவரின் விரல்கள் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

எங்கள் பழைய வூபர்கள் எங்கேயோ விற்கப்பட்டிருக்கும். 10 அங்குலம், கடதாசிக் கோன், பெரிய காந்தம். காந்தத்தின் பின்னால் ஒன்றில் 'இட', மற்றதில் 'வல' என்று நீலப் பென்சிலில் அப்பாவின் கையெழுத்தில் இருக்கும். திருத்துமிடத்திலோ பழைய சாமான் கடையிலோ யாராவது கண்டால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.