சிம்லாவா, டெல்லியா?

முனைவர் பட்டம் முடித்து, அடுத்த ஆய்வுக்கு ஆதரவு தேடுபவர்கள் முன் இரண்டு பெயர்கள் வரும்: சிம்லாவில் உள்ள இந்திய உயராய்வு நிறுவனம், டெல்லியில் உள்ள இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு.

சிம்லா நிறுவனத்தை 1965-இல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் தொடங்கி வைத்தார். 1888-இல் கட்டி முடித்த வைஸ்ராய் மாளிகைதான் அதன் இருப்பிடம். 1945 சிம்லா மாநாடு நடந்ததும் அங்கேதான். இங்கே பட்டம் கிடையாது, வகுப்பும் கிடையாது. ஆய்வாளர்கள் அங்கேயே தங்கிப் படித்து, கருத்தரங்கில் பேசி, முடிவில் ஒரு நூலின் கையெழுத்துப் படியைத் தர வேண்டும். இலக்கியம், தத்துவம், சமயம் என்று எழுதுபவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. மலைக் குளிரும் தனிமையும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டெல்லிக் குழு 1969-இல் வந்தது. நீங்கள் அங்கே போய் உட்கார வேண்டியதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தே திட்ட நிதிக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கலாம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றுக்கும் இது நிதி தருகிறது. ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும் ஆய்வு என்றால் இதுதான் சரி. வரலாறு என்றால் மட்டும் 1972-இல் தொடங்கிய தனிக் குழு இருக்கிறது.

கள ஆய்வை முடித்து, குறிப்புகள் பையில் குவிந்துவிட்டனவா? அப்புறம் சிம்லாவுக்கு விண்ணப்பியுங்கள்.