தோட்டா ஏன் தவறுகிறது: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஆ, சாண்ட்ஸ்டார்மா?

பெங்களூரு மடிவாளாவில் இருக்கும் எங்கள் கும்பலுக்குச் சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரு ஷூட்டர் கேம் போதும். கடைசியில் மிஞ்சியவை இரண்டு: 2023 செப்டம்பரில் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, 2018 டிசம்பரில் வந்த இன்சர்ஜென்சி சாண்ட்ஸ்டார்ம். எடுத்தது சாண்ட்ஸ்டார்ம். அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலாவது இலவசம், இரண்டாவதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் தள்ளுபடி வந்தால் அடிக்கடி விலை இறங்கும். அதை விடுங்கள். எங்களுக்குள் சண்டை வந்தது ஒரே கேள்வியில்தான்: “டேய், நான் தலையிலதானே வச்சேன்!” என்று ஒருவன் கத்தும்போது தோட்டா ஏன் அங்கே போகவில்லை என்பதற்கு எந்த கேமிடம் பதில் இருக்கிறது?

நிஜத் துப்பாக்கியை முதலில் பார்த்துவிடலாம். சாதாரண ராணுவத் தோட்டாவைப் போட்டு, ஒரு ஏகே ரகத் துப்பாக்கியை அசையாமல் தாங்கி வைத்துச் சுட்டால், 100 மீட்டரில் தோட்டாக்கள் ஏறக்குறைய 10 முதல் 15 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழும். துல்லியத்துக்குப் பெயர் போகாத ரகத்துக்கே இந்தக் கணக்கு. ஆக, 20 மீட்டரில் நிற்கும் ஆளைத் தவறவிட்டால் பழி துப்பாக்கி மேல் இல்லை. மூச்சிரைக்கும் நெஞ்சும் நடுங்கும் கையும்தான் காரணம். ஓடிக்கொண்டே சுட்டாலும் குழல் பார்க்கும் திசையில்தான் தோட்டா போகும். குழல்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் இந்தத் தடுமாற்றத்தை ஆளிடமிருந்து எடுத்துத் துப்பாக்கிக்குள் வைத்துவிட்டது. ஓடினாலும் குதித்தாலும் திரையில் துப்பாக்கி நேராகவே நிற்கும். தோட்டா மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் பாயும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடாமல் ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை அழுத்திப் பாருங்கள், சிரிப்பு வரும். நின்று சுட்டால் வேறு கதை. ஏகே-வின் 30 தோட்டாவும் நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் மூன்றே நொடியில் தீரும். மேலே ஏறி, அப்புறம் பக்கவாட்டில் ஆடும் அந்த ஸ்ப்ரே, அதாவது விடாமல் அழுத்தும்போது தோட்டாக்கள் போகும் தடம், ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்தான். மவுஸை எதிர்த்திசையில் இழுக்கப் பழகியவன் அதை அடக்கிவிடுவான். சின்னதாக ஒரு தற்செயல் சிதறல் மட்டும் மிச்சம் இருக்கும். நிஜத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு, ஆனால் நோக்கம் தெளிவு: ஓடாதே, நின்று சுடு.

வாலரன்ட் என்ற இன்னொரு ஷூட்டர் கேமும் அதே குடும்பம். அதில் பக்கவாட்டு ஆட்டம் எப்போது திரும்பும் என்பதில் அதிர்ஷ்டம் இன்னும் கொஞ்சம் கூடுதல். அது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சாண்ட்ஸ்டார்மில் திரை நடுவே குறி காட்டும் க்ராஸ்ஹேரே கிடையாது. எத்தனை தோட்டா மிச்சம் என்ற எண்ணும் கிடையாது. ஓடி வந்து நின்றதும் துப்பாக்கி மேல் குறிபார்க்கும் சைட் தள்ளாடுவது கண்ணெதிரே தெரியும். மூச்சைப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். குழலுக்கு அடியில் ஃபோர்கிரிப் என்ற முன் கைப்பிடியை மாட்டினால் உதைப்பு குறையும். தவறிய தோட்டாவுக்குக் காரணம் சுடும் முன்பே திரையில் இருக்கிறது. நிஜத்துக்கு நெருக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். ரத்தமும் சத்தமும் எந்த கேமிலும் கிடைக்கும்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது நிஜத்தன்மை இல்லை, கைப்பழக்கத்தின் பராமரிப்பு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவனுக்கு ஆன்-கால், ஒருவன் வெள்ளிக்கிழமையானால் சேலம் பஸ் ஏறிவிடுவான். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஸ்ப்ரே சாதகம் கேட்கும் வித்தை. சில வாரம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சுருதி விலகியிருக்கும். எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே கோலமும் இல்லை. ஏகே-வுக்குப் பழகிய கை எம்4 என்ற இன்னொரு துப்பாக்கியில் தனியாகப் பழக வேண்டும். இதற்குமேல் இடப்பக்கம் ஓடிக்கொண்டே கீபோர்டில் வலப்பக்கம் போகும் கீயைத் தட்டிச் சட்டென்று நிற்கும் வித்தை வேறு. அதன் நேரம் ஒரு துளி பிசகினால் மறுபடி கூம்புக்குள்தான். விளையாட உட்காரும் முன் பயிற்சி மேப்பில் சுவரைச் சுட்டுக் கையைச் சூடேற்ற வேண்டும். கிடைப்பதே இரண்டு மணி நேரம், அதில் பாதி சுவருக்கா?

சாண்ட்ஸ்டார்மில் மனப்பாடம் செய்ய அப்படி ஒரு கோலமே இல்லை. உதைப்பில் தற்செயல் அங்கேயும் உண்டு, ஆனால் அதைத் திரையில் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறோம். இரண்டு மூன்றாகச் சுட்டு, சைட் இறங்கியதும் அடுத்தது. மாதம் கழித்து வந்தாலும் முதல் ஆட்டத்திலேயே கை பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மேப்கள்தான் மறந்துபோகின்றன, அதற்குப் பக்கத்தில் ஒருவன் கத்தினால் போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஆடுவது பெரும்பாலும் செக்பாயின்ட் கோ-ஆப், அதாவது எட்டுப் பேர் வரை சேர்ந்து, கம்ப்யூட்டரே ஆட்டும் எதிரிகளான பாட்களை எதிர்ப்பது. ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டத்தில் என் அனுபவம் குறைவு; அதில் இந்தத் தள்ளாட்டம் எரிச்சலாகலாம். ரேங்க் ஏற வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும் என்பவருக்கு கவுன்டர்-ஸ்ட்ரைக்தான் சரி. எங்களில் இருவர் இன்னும் அதில்தான் கிடக்கிறார்கள். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கிய கையோடு சாண்ட்ஸ்டார்மை ஓட்டிப் பாருங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.