ஈ 250 டீசல்: உப்புக்காற்றில் ஒன்பது ஆண்டுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள என் வீட்டிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்து அலுவலகத்துக்கு நான் நாள்தோறும் போய்வருவது, 1996ஆம் ஆண்டு தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 250 டீசல் வண்டியில்தான். 2016இல் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து இதைப் பழைய வண்டியாக வாங்கியபோது, அந்தப் பணத்துக்குச் சிறிய புதுக் கார் ஒன்றை எடுத்திருக்கலாமே என்று வீட்டிலும் வெளியிலும் கேட்காதவர்கள் இல்லை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை என ஊர் ஊராகக் கடந்து தென்பெண்ணைப் பாலம் ஏறும் இந்தச் சாலையிலேயே வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டதால், வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. வண்டியை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். அதன் மூக்கில் நிற்கும் மூன்று முனை நட்சத்திரத்துக்கு ஊரில் இருக்கும் மதிப்பு எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள் அந்த மதிப்பு காரின் வழியாக வரவில்லை. லாரியின் வழியாக வந்தது. டாடாவின் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் 1954இல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் தயாரித்த லாரிகளின் முகப்பில் இந்த நட்சத்திரம்தான் இருந்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்து, நட்சத்திரம் இருந்த இடத்துக்கு டாடாவின் ‘டி’ எழுத்து வந்த பிறகும், கடலூர் முதுநகரில் லாரி ஓட்டிய என் தந்தையார் அதைக் கடைசிவரை பென்ஸ் வண்டி என்றே சொன்னார். உர மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் வரை போய்வருபவர் அவர். பாதி வழியில் படுத்துவிடாத எஞ்சின் என்பதுதான் அந்தப் பெயருக்கு அவர் வைத்திருந்த பொருள். சொகுசு என்ற பொருள் எங்கள் தெருவுக்கு வந்தது, 1994இல் மெர்சிடிஸ் பென்ஸ் தனக்கென்று இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டு புனேயிலிருந்து ஈ 220 கார்களை வெளியிட்ட பிறகு. என்னுடைய வண்டி அந்த வரிசையின் டீசல் உடன்பிறப்பு. உலகெங்கும் இதை டபிள்யூ 124 என்ற உள்பெயரால் அறிவார்கள்.

நிறுவனத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது 1886 ஜனவரி 29ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்த நாள் அது; எண் 37435. ஒற்றை சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன். ஆனால் அந்த வண்டி ஓடும் என்று ஊருக்குக் காட்டியவர் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் என்பதை நான் எப்போதும் அழுத்தியே சொல்வேன். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவர் ஓட்டிச் சென்ற தூரம் நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நம் கணக்கில், புதுச்சேரியில் புறப்பட்டு மாமல்லபுரத்தைத் தாண்டுவது. பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகில் எங்குமே இல்லாத காலத்தில் வீஸ்லாக் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருளாக லிக்ராயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்று நாம் சொல்வதன் பிறப்பு அந்தத் தோலில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, அங்கேயே திருத்தியவர் ஒரு பெண் என்பதை இந்த நட்சத்திரத்தின் முதல் பெருமையாக நான் கருதுகிறேன்.

மற்றொரு கிளை காட்லீப் டைம்லருடையது. அவருடன் பணியாற்றிய வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த பந்தய வண்டிக்கு, எமில் ஜெல்லினெக் என்ற வணிகரின் மகள் பெயரால் மெர்சிடிஸ் என்று பெயர் வந்தது. நிலம், நீர், வானம் மூன்றிலும் தம் எஞ்சின் ஓட வேண்டும் என்ற விருப்பத்தைக் குறிக்கும் மூன்று முனை நட்சத்திரம் 1909இல் பதிவானது. 1926இல் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. பத்தாண்டு கழித்து வந்த 260 டி, உலகில் வரிசைமுறையில் தயாரிக்கப்பட்ட முதல் டீசல் பயணக் கார்களில் ஒன்று. என் ஐந்து சிலிண்டர் எஞ்சினின் பாட்டன் என்று அதைச் சொல்லத் தோன்றும்.

அதே காலத்தின் இன்னொரு பக்கத்தை மறைத்துவிட்டுப் பெருமை பேசக் கூடாது. நாஜி ஆட்சியில் இந்நிறுவனம் போர்த் தளவாடங்களைத் தயாரித்தது. 1944இல் அதன் பணியாளர் ஏறத்தாழ 63,000 பேரில் பாதிக்கு நெருக்கமானோர் கட்டாயத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் ஆவர். நிறுவனம் இதைப் பிற்காலத்தில் தன் வரலாற்றிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, இழப்பீட்டு நிதியிலும் பங்கேற்றது. ஒப்புக்கொண்டதனால் அந்தக் கறை இல்லாமல் போய்விடாது. அதை அறிந்தேதான் இந்த நட்சத்திரத்தை நான் துடைக்கிறேன்.

போருக்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளில்தான் இன்று நாம் மதிக்கும் பெயர் உருவானது. விபத்தில் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள, ஆள் இருக்கும் கூடு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற, நிறுவனத்துப் பொறியாளர் பேலா பாரெனியின் கருத்து 1959இல் தயாரிப்பு வண்டிகளுக்கு வந்தது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்டு, 1978இல் அதன் பெரிய காரான எஸ் கிளாஸில் வந்தது; அதே வரிசையின் அடுத்த தலைமுறையில் காற்றுப்பையும் வந்தது. இன்று சாதாரணச் சிறிய கார்களிலும் இவை இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அதன் காரை ஒருபோதும் வாங்க முடியாதவரின் உயிரையும் காக்கிறது என்றால், அதைவிட உயர்ந்த நற்பெயர் என்ன இருக்க முடியும்?

டபிள்யூ 124 வெளிவந்தது 1984இன் இறுதியில். வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோவின் தலைமையில் வரையப்பட்ட இதன் உடல் ஆரவாரமில்லாதது. சுத்தமான கோடுகள், காற்றைக் கிழிக்கும் வடிவம், பின்பக்கம் கூம்பிச் செல்லும் டிக்கி. நேரு வீதியில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதன் அருமை நின்று பார்க்கும்போது தெரியாது, வேலை செய்யும்போதுதான் தெரியும்.

பானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போலத் தூக்கினால் மற்ற கார்களில் நிற்பது போலச் சாய்வாக நிற்கும். கீல் அருகிலுள்ள பிடியை அழுத்தி மேலும் தூக்கினால், கதவு போலச் செங்குத்தாக நின்றுவிடும். முதலியார்பேட்டையில் எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன், முதல் முறை அப்படி நிறுத்திவிட்டு எஞ்சினுக்கு நேர்மேலாகக் குனிந்தபோது, “இப்படி நிமிந்து நின்னு வேலை பாக்க எந்த வண்டி சார் விடுது?” என்றார். எஞ்சினைப் பழுது பார்ப்பவனின் முதுகைப் பற்றி யோசித்த பொறியாளர் யாரோ ஒருவர் ஜெர்மனியில் இருந்திருக்கிறார்.

வைப்பர் ஒன்றே ஒன்றுதான். இரண்டு செய்யும் வேலையை ஒன்று எப்படிச் செய்யும் என்று எனக்கும் ஐயம் இருந்தது. அதன் கை வெறுமனே அரைவட்டம் போடுவதில்லை. கண்ணாடியின் மேல்மூலையை நெருங்கும்போது நீண்டு, நடுவில் சுருங்கி, மறுமூலையில் மீண்டும் நீளும். முன்கண்ணாடியில் 86 விழுக்காட்டை அது துடைத்துவிடுகிறது. ஐப்பசி அடைமழையில், எதிரே பேருந்துகள் நீரை வாரியடித்துக்கொண்டு வரும் கிருமாம்பாக்கம் சாலையில், நான் இந்த ஒற்றைக் கையை நம்பியே ஓட்டுகிறேன். அது என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

ஓட்டத்தைப் பொறுத்தவரை, வேகம் வேண்டுமென்பவர்களுக்கு இது பொருந்தாது. டர்போ இல்லாத இரண்டரை லிட்டர் டீசல். முந்திச் செல்ல வேண்டுமானால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தண்டுகளால் தாங்கும் சஸ்பென்ஷன், உடைந்த சாலையிலும் வண்டியைத் தூக்கியடிக்காமல் ஏந்திக்கொண்டு போகிறது. கதவை மூடும்போது வரும் ஒலி, நெல் மூட்டையைத் திண்ணையில் இறக்கி வைத்தது போல இருக்கும். இருக்கைகள் முதலில் கெட்டியாகத் தோன்றும். நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு இடுப்பு வலிக்காதபோதுதான் காரணம் புரியும். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், ஊருக்குள் 10 தருகிறது.

இந்த வண்டியைப் புகழ்ந்ததை வைத்து எல்லா ஆண்டின் பென்ஸையும் நான் பரிந்துரைப்பதாக எண்ணிவிட வேண்டாம். 1989இல் டொயோட்டாவின் லெக்ஸஸ் வந்து, குறைந்த விலைக்கும் அமைதியான, பழுதில்லாத பெரிய காரைத் தர முடியும் என்று காட்டிய பிறகு, முதலில் காரைச் செய்துவிட்டுப் பின்பு விலை வைக்கும் பழைய முறை பென்ஸின் தலைமையகமான ஸ்டுட்கார்ட்டில் நிலைக்கவில்லை. அடுத்து வந்த டபிள்யூ 210 துருப்பிடிப்பதற்குப் பெயர்போனது. 1997இல் ஏ கிளாஸ், திடீரென வளைத்துத் திருப்பும் சோதனையில் ஸ்வீடனில் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, வண்டியைத் திருத்தி, ஈ.எஸ்.பி. என்ற நிலைகாப்பு அமைப்பை அந்தச் சிறிய காரில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அமெரிக்க நிறுவனமான கிரைஸ்லருடன் 1998இல் சேர்ந்தது 2007இல் முறிந்தது. டீசல் புகை விவகாரத்தில் 2019இல் ஜெர்மனியில் 87 கோடி யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது. டீசல் வண்டியை நம்பி வாழும் என் போன்றவனுக்கு இவற்றில் மிகவும் வலித்தது கடைசிச் செய்திதான். ஒரே நட்சத்திரத்தின் கீழ் நல்ல காலமும் மோசமான காலமும் இருந்திருப்பதால், வாங்குபவர் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பார்க்க வேண்டும். டபிள்யூ 124இலேயே கூட, 1990களின் முற்பகுதியில் வந்த பெட்ரோல் வண்டிகளின் எஞ்சின் வயரிங் உறை காலப்போக்கில் நொறுங்கி உதிரும். ஈ 220 வாங்குவோர் அதை அவிழ்த்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

புதுச்சேரியில் பழைய பென்ஸ் தேடுவதில் தனியொரு சிக்கல் உண்டு. இங்கே வாகன வரி குறைவாக இருந்ததால், அண்டை மாநிலத்துச் சொகுசு வண்டிகள் பல, உரிமையாளர் ஒரு நாளும் வசிக்காத முகவரிகளில் பதிவாயின. 2017இல் கேரளத்தில் அது பெரும் விவகாரமானது. எனவே பி.ஒய். 01 என்று தொடங்கும் எண்ணைக் கண்டதும் உள்ளூர் வண்டி என்று நம்பிவிடாமல், ஆர்.சி. முகவரியும் பழைய இன்ஷூரன்ஸ் தாள்களும் சர்வீஸ் சீட்டுகளும் ஒரே ஊரைச் சொல்கின்றனவா என்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பகை கடற்காற்று. கதவுகளின் கீழ்ப்பாதியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடுகளுக்குப் பின்னால் உப்பும் ஈரமும் தங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகரம் அரித்துக்கொண்டிருக்கும். வாங்கிய முதல் ஆண்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் 28,000 ரூபாய் கொடுத்துத் துருவை நீக்கச் சொன்னேன். அவர்கள் சுரண்டாமலேயே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துத் தந்திருக்கிறார்கள். ஒரே மழைக்காலத்தில் ஜாக்கி வைக்கும் இடத்தில் பட்டி கட்டியாகப் பெயர்ந்து கையோடு வந்தபோது, ஏமாந்ததைவிட, நல்ல தகரம் வீணாகப் போனதே என்றுதான் எனக்கு மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து தகடுகளை நானே கழற்றப் பழகிக்கொண்டேன்.

பராமரிப்புக்கு ஆண்டுக்குச் சராசரியாக 40,000 ரூபாய் ஆகிறது. உதிரிபாகத்துக்குச் சென்னை ஜி.பி. ரோடு, கிடைக்காவிட்டால் புதுப்பேட்டை. சில ரப்பர் பொருள்களுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். வீட்டில் வேறொரு வண்டி இல்லாதவர்களும், பட்டறைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கப் பொறுமை இல்லாதவர்களும் இதை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மற்றவர்கள் டீசலையே தேடுங்கள். கூரையுள்ள இடத்தில் நின்ற வண்டியாகப் பாருங்கள். விலை பேசுவதற்கு முன் தகடுகளைக் கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு என் வண்டிக்கு மீண்டும் எப்.சி. எடுக்க வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கத் தகடுகளைக் கழற்றியபோது, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் நாணய அளவில் புதுத் துரு தெரிந்தது. வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி ரெட் ஆக்சைடு பூசி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மேல் பெயிண்ட் அடித்தாக வேண்டும்.