வேற்றுலக அறிவைத் தேட மூன்று வழிகள்: கணினி, டிஷ், தரவு

பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்கள் உண்டா என்ற கேள்வியில் மனத்தைப் பறிகொடுத்த ஒருவர், பட்டமோ ஆய்வகமோ இல்லாமல் அந்தத் தேடலில் சேர மூன்று வழிகள் இருந்து வந்துள்ளன. வீட்டுக் கணினியை இரவல் தருவது ஒன்று. மொட்டைமாடியில் சொந்தமாக டிஷ் வைப்பது மற்றொன்று. பெரிய தொலைநோக்கிகள் பொதுவில் வைத்துள்ள தரவை இறக்கிப் படிப்பது மூன்றாவது. மூன்றையும் ஓரளவு முயன்று பார்த்தவன் என்ற முறையில், எது அதிகத் தொலைவு கேட்கிறது என்பதோடு, எது கேட்பவரைத் தேர்ந்தவராக்குகிறது என்பதையும் சேர்த்தே எடைபோடுகிறேன்.

முதல் வழியின் பெயர் செட்டி அட் ஹோம் (SETI@home); செட்டி என்பது வேற்றுலக அறிவுத் தேடலைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். 1999 மே 17 அன்று பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தொடங்கிய இத்திட்டத்தில், புவேர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ தொலைநோக்கியுடைய 305 மீட்டர் கிண்ணம் பதிவுசெய்த வானொலி இரைச்சல், 107 நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு வீட்டுக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது. கணினி சும்மா இருக்கும் நேரத்தில் திரையில் வண்ண வண்ணமாய் முகடுகள் எழும்பும். வானின் ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க ஏறத்தாழ 12 நொடிகள் ஆகும் என்பதால், அந்த அளவில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் குறிப்பையே (சிக்னலையே) மென்பொருள் தேடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். 2020 மார்ச் 31 அன்று புதிய துண்டுகள் அனுப்புவது நின்றது; அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அரேசிபோவே இடிந்து விழுந்தது.

இவ்வளவு பேரை ஒரே வேலையில் கோத்த அந்த ஏற்பாட்டின் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆனாலும் பங்கேற்றவர் செய்ய வேண்டியது மின்கட்டணம் செலுத்துவது மட்டுமே. வானிலிருந்து வரும் முகடு எது, பூமியின் கருவிகள் உண்டாக்கும் குறுக்கீடு எது என்று பிரித்தறியும் பொறுப்பு அவரிடம் வரவே இல்லை.

இரண்டாம் வழி அதற்கு நேர் எதிரானது. 1993இல் நாசாவின் தேடலுக்கான நிதியை அமெரிக்க காங்கிரஸ் நிறுத்தியதைத் தொடர்ந்து, 1994இல் செட்டி லீக் என்ற தன்னார்வ அமைப்பு உருவாகி, 1996 ஏப்ரலில் ஆர்கஸ் திட்டத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு அன்று பயன்பட்ட 3 முதல் 5 மீட்டர் டிஷ்களைக் கொண்டு, உலகெங்கும் 5000 நிலையங்கள் வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த எண்ணிக்கையை அது நெருங்கவே இல்லை. உணர்திறனிலும் இடைவெளி பெரிது: 3 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு அரேசிபோவுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

ஆயினும் சிறிய டிஷ்ஷுக்கு ஒரு தனிப் பலம் உண்டு. ஹைட்ரஜன் வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் 3 மீட்டர் டிஷ் சுமார் 5 பாகை அகல வானத்தைப் பார்ப்பதால், ஒரு விண்மீன் அதன் பார்வையில் ஏறக்குறைய 20 நிமிடங்கள் தங்கும். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோவின் பிக் இயர் தொலைநோக்கியில் 72 நொடிகள் பதிவான, இன்றும் விளக்கம் உறுதியாகாத 'வாவ்' குறிப்பு போன்ற வலுவான ஒன்று மீண்டும் வந்தால், அந்தத் திசையை அப்போது யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? தொழில்முறை வானியலர் அல்லாத ராபர்ட் கிரே, சிகாகோவில் தம் சொந்தச் சிறு டிஷ்ஷால் அதைத் தேடத் தொடங்கி, பின்னர் 1995, 1996 ஆண்டுகளில் நியூ மெக்சிகோவின் விஎல்ஏ தொலைநோக்கி வரிசையிலேயே நேரம் பெற்றுத் தேடினார். குறிப்பு மீண்டும் கிடைக்கவில்லை. ஆனால் ஆர்வலர் ஒருவரால் எதுவரை செல்ல முடியும் என்பது தெரிந்தது.

இன்று ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பி), இரைச்சல் குறைந்த பெருக்கி, ஒரு மீட்டர் அளவுள்ள டிஷ், மடிக்கணினி ஆகியவை போதும். டிஷ்ஷின் குவியத்தில் அலைகளை வாங்கும் ஆண்டெனாவுக்கு முன்னால் கையை வைத்தால் திரைக்கோடு சற்று உயரும். அது என் உடலின் வெப்பம். பால்வீதி தலைக்கு மேல் வரும் வேளையில் சில நிமிடப் பதிவுகளைச் சராசரி எடுத்தால், 1420.4 மெகாஹெர்ட்ஸ் அருகே ஹைட்ரஜனின் சிறு மேடு ஒன்று தெளிந்து எழும். அதை முதன்முறை கண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் வழிக்கு, பெரிய தொலைநோக்கிகளால் வேற்றுலகக் குறிப்புகளைத் தேட 2015இல் தொடங்கிய பிரேக்த்ரூ லிசன் திட்டம் கதவு திறந்தது. கண்டுபிடிக்கும் வாய்ப்பை மட்டும் கணக்கிட்டால் இதற்கே முதலிடம். அமெரிக்காவின் கிரீன் பேங்கில் உள்ள 100 மீட்டர் தொலைநோக்கித் தரவை யாரும் இறக்கிக்கொள்ளலாம். டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் பீட்டர் மா, 820 விண்மீன்களின் தரவில் இயந்திரக் கற்றலைச் செலுத்தி, கவனிக்கத்தக்க 8 குறிப்புகளைக் கண்டதாக 2023இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. மறுபடி பார்த்தபோது அவை தென்படவில்லை. நிரலெழுதத் தெரியாதவருக்கு இவ்வழி கடினமானது. கோப்புகளும் மிகப் பெரியவை.

என் தேர்வு, முதலில் டிஷ், பிறகு தரவு என்பதே. கிரீன் பேங்க் தரவின் அடிப்படை ஒழுங்கு, விண்மீனை 5 நிமிடம் நோக்கி, அடுத்த 5 நிமிடம் விலகி, மீண்டும் நோக்குவது. விலகியபோதும் தொடரும் குறிப்பு பூமியின் குறுக்கீடு. கூர்மையான கோடு ஒன்று என் திரையில் தோன்றிய மாலையில், டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பினேன். கோடு அசையாமல் அங்கேயே நின்றது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியதும் மறைந்தது.