தக்கலையில் துலிப் வளர்த்த கதை: பூக்கிழங்கு காம்போ, 5க்கு 2

ஆன்லைனில் 699 ரூபாய் கொடுத்து ஒரு பூக்கிழங்கு காம்போ வாங்கினேன். துலிப் 4, டாஃபடில் 2, அமரில்லிஸ் 4. கடைப் பெயர் வேண்டாம். கிழங்கெல்லாம் நன்றாகத்தான் வந்தது, அழுகல் இல்லை, கையில் எடுத்தால் நல்ல கனம், பேக்கிங்கும் சரி.

கோபம் அட்டையில் இருந்த 'எந்த ஊரிலும் வளரும்' என்ற வரி மேல்தான். துலிப் கிழங்குக்கு 12 முதல் 16 வாரம் வரை நல்ல குளிர், அதாவது 9 டிகிரிக்குக் கீழே, கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும்; மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற நமக்கு அதற்கு ஃப்ரிட்ஜை விட்டால் வழி கிடையாது. இதை நான் தேடித் தெரிந்துகொள்வதற்குள் இரண்டை மண்ணில் புதைத்தாயிற்று. அவை நாலு இலை விட்டுப் படுத்துவிட்டன. மீதி இரண்டைத் துணிப்பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பக்கத்தில் பழம் வைக்கக் கூடாது, பழுக்கும்போது வரும் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கருக்கிவிடும். ஒருநாள் அத்தை பையைப் பிரித்து, பெரிய வெங்காயம் என்று நினைத்து, "பல்லாரிய யாராவது ஃப்ரிட்ஜில வைப்பாவளா மக்களே?" என்று கத்தியோடு நிற்கிறார். நல்லவேளை பார்த்தேன், அது தின்கிற கிழங்கு இல்லை.

பிப்ரவரி கடைசியில் நட்டதில் ஒன்று விரல் நீளத் தண்டில் பூத்தது. மூன்றாம் நாள் இதழ் கொட்டிவிட்டது. டாஃபடில் இரண்டும் அழுகல். கடையில் கேட்டால், தொட்டியில் ஐஸ் கட்டி போடச் சொல்கிறார்கள்!

ஆனால் அமரில்லிஸ், அடடா. செம்மண்ணும் ஆற்றுமணலும் மக்கிய சாணமும் கலந்து, கிழங்கின் கழுத்து வெளியே தெரிகிற மாதிரி நட்டு, தண்ணீரை மட்டும் கை அடக்கி ஊற்றினேன். பங்குனியில் இலைக்கு முன்னாலேயே மொட்டு வந்தது. பப்பாளி இலைத்தண்டு மாதிரி உள்ளே குழாயாக ஒரு தண்டு, உச்சியில் நாலு பூ, நாலும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு. வெள்ளை என்று போட்டிருந்தது, வந்தது சிவப்பில் வெள்ளைக் கோடு. போகட்டும்.

அந்த நாலுக்காக மட்டும் 2 மதிப்பெண். அதே அமரில்லிஸ் நாகர்கோவில் பக்கத்து நர்சரியில் கிழங்கு 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கோடைமழை பெய்த நாலாம் நாள் மதிலோரம் பூத்து நின்ற ரெயின் லில்லியோ, பக்கத்து வீட்டு அக்கா சும்மா பிடுங்கிக் கொடுத்தது.