பச்சைக் கல் ஊறிய தண்ணீரைக் குடிக்காதீர்கள்: திருகோணமலையில் விற்கப்படும் கையேட்டுப் பொதி பற்றி

திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் ஒரு பொதியைக் கொண்டு திரிந்து விற்கிறார்கள். பளபளவென்று ஒரு தடித்த புத்தகம், அதோடு சிறிய பெட்டியில் பல நிறக் கற்கள். எந்த வருத்தத்துக்கு எந்தக் கல், எப்படிக் கழுவுவது, எப்படி வெயிலில் வைப்பது, எப்படித் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பது என்று எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதாம். பொதியின் விலை 18,500 ரூபா. யாராவது உங்கள் வீட்டில் இதை வாங்கியிருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

என் சின்னம்மா இதை நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த கண்காட்சி விற்பனையில் வாங்கினார். அவருக்கு நெடுநாளாக நெஞ்செரிவும் பிரஷரும். கடையில் நின்றவர் மரியாதையாக, பொறுமையாகப் பேசியிருக்கிறார். “அம்மா, நான் சொல்றதை நம்ப வேண்டாம், புத்தகத்தைப் பாருங்கோ” என்று பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். அச்சில், தமிழில், அட்டவணை போட்டு, படத்தோடு இருந்தால் நம்பத்தானே தோன்றும்? சின்னம்மா ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தை மதித்தவரின் அந்த மதிப்பை வைத்தே அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

புத்தகத்தில் வயிற்றுக் கோளாறுக்கு மலாக்கைட் என்ற பச்சை வரிக்கல். இரவில் அதைத் தண்ணீரில் போட்டு, ‘சக்தி நன்றாக இறங்க’ தேசிக்காய்ப் புளி விட்டு, காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்கிறது. தண்ணீர் இலேசாகப் பச்சை ஓடினால் கல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். சின்னம்மா அப்படியே செய்தார். குமட்டல், வயிற்று நோ, பிறகு வாந்தி. அதற்கும் புத்தகத்தில் பதில் இருந்தது: உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறுகிறது, நிறுத்த வேண்டாம்.

மலாக்கைட் என்பது செம்பின் காபனேற்றுத் தாது. வெறும் தண்ணீரில் பெரிதாகக் கரையாது, ஆனால் புளியில் கரையும். கரைந்தால் தண்ணீருக்குள் இறங்குவது செம்பு. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு கூடினால் முதலில் வருவதே குமட்டலும் வாந்தியும் வயிற்று வலியும்தான்.

அக்காவின் மகன், என் பெறாமகன், உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறான். அவன்தான் சின்னம்மாவின் போத்தலில் மிஞ்சியிருந்த தண்ணீருக்குள் துருப் போகத் தேய்த்த ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தான். பிறகு எடுத்துப் பார்த்தபோது ஆணியில் செம்பு நிறம் படிந்திருந்தது. அதைக் கையில் கொடுத்து, “அம்மம்மா, இதைத்தான் நீங்கள் குடிச்சிருக்கிறீங்கள்” என்றான். சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. போத்தலை அவரே கொண்டுபோய் ஊற்றினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட பிறகுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. புத்தகத்தில் பிரஷர் பற்றிய பக்கத்தில், கல்லைப் பாவிக்கத் தொடங்கியதும் குளிசைகளைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. சின்னம்மா பாதிக் குளிசைதான் போட்டு வந்திருக்கிறார். செம்புத் தண்ணீரைவிட இதுதான் எனக்குப் பயம். தண்ணீர் வயிற்றைப் பிரட்டி உடனே காட்டிக்கொடுத்துவிட்டது. பிரஷர் ஏறுவது பல பேருக்கு வெளியில் தெரிவதே இல்லை.

அப்புறம் நாங்கள் மற்றக் கற்களையும் பார்த்தோம். படிகம் என்று தந்த தெளிந்த கல் சோடாப் போத்தலில் ஒரு கீறல்கூட விழுத்தவில்லை. குவார்ட்ஸ் என்ற உண்மையான படிகத்தின் கடினம் மோஸ் அளவையில் 7, சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. படிகம் என்றால் கண்ணாடியைக் கீற வேண்டும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் உள்ளே உருண்டைக் குமிழிகள் வேறு. அது வெறும் கண்ணாடிதான். டர்கொய்ஸ் என்ற நீலக்கல்லை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தோம், பஞ்சு நீலமாகிவிட்டது. மலிவான வெள்ளைக் கற்களுக்குச் சாயம் ஏற்றி டர்கொய்ஸ் என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிற வேலை. செலனைட் என்ற வெள்ளைக் கல்லை உப்புத் தண்ணீரில் கழுவச் சொல்கிறது புத்தகம். அது ஜிப்சம், நகத்தாலேயே கீறலாம். தண்ணீரில் ஊற ஊற மினுக்கம் போய்விடும். செவ்வந்திக்கல்லை வெயிலில் வைத்துச் சக்தி ஏற்றச் சொல்கிறது. நம்மூர் வெயிலில் தொடர்ந்து வைத்தால் ஊதா நிறம் வெளிறும். தான் விற்கிற கல்லைப் பழுதாக்காமல் வைத்திருக்கவே அந்தப் புத்தகத்துக்குத் தெரியவில்லை என்றால், அது மனித உடம்பைப் பற்றிச் சொல்வதை எப்படி எடுப்பது?

நவரத்தின மோதிரம் போடுகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அது அவரவர் நம்பிக்கை. விரலில் கிடக்கிற கல் யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் இந்தப் புத்தகம் அந்த மரபுக்கும் விசுவாசமாக இல்லை. ஓர் இடத்தில் ஏப்ரலில் பிறந்தவருக்கு வைரம் என்கிறது. இன்னோர் இடத்தில் மேஷராசிக்குச் செவ்வாய் அதிபதி, ஆகவே பவளம் என்கிறது. ஏப்ரலில் பிறந்த மேஷராசிக்காரர் ஒருவர் இரண்டில் எதைப் பின்பற்றுவது? இரண்டாவது நம்முடைய நவரத்தின முறை. முதலாவது 1912ஆம் ஆண்டு அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம் கூடித் தீர்மானித்த பட்டியல். 2002இல் அதில் டான்சனைட் என்ற கல்லையும் சேர்த்தார்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

சின்னம்மாவை மிகவும் நம்பவைத்தது ஒரு ‘விஞ்ஞான’ப் பக்கம். கைக்கடிகாரத்துக்குள் குவார்ட்ஸ் அதிர்கிறது, அதுபோல உங்கள் உடம்பின் அதிர்வையும் அது சரிசெய்யும் என்று அதில் இருக்கிறது. முதல் பாதி உண்மை. குவார்ட்ஸை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்கள். கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு துண்டு ஒரு செக்கனுக்கு 32,768 தரம் அதிர்கிறது. ஆனால் அது அதிர்வது பற்றரி மின்சாரம் கொடுப்பதாலும், அந்த அளவுக்கென்றே வெட்டியிருப்பதாலும். நெஞ்சில் வைத்த கல் சும்மா கிடக்கும். சரியான ஒரு தகவலை முன்னால் நிறுத்தி, சம்பந்தமில்லாத ஒன்றை அதன் முதுகில் ஏற்றி அனுப்பும் இந்த வித்தையைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்.

கல்லைக் கையில் பிடித்தால் சூடு, சிலிர்ப்பு வருகிறது என்று பலர் சொல்வார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் இதைச் சோதித்து 2001இல் முடிவைச் சொன்னார். 80 பேர், பாதிப் பேருக்கு உண்மைப் படிகம், பாதிப் பேருக்குப் போலி. இரு பக்கத்தாரும் ஒரே மாதிரியான உணர்வுகளைத்தான் சொன்னார்கள். என்ன உணர்வு வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்களுக்கு அது கூடுதலாக வந்தது.

இதெல்லாம் கல் விஷயம்தானே என்று விட்டுவிடலாம். அதே கடையில் என் அத்தான் வீட்டு வயரிங் பற்றிய ஒரு கையேட்டையும் வாங்கியிருந்தார். அதே அட்டை, அதே அச்சு. அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நடுங்கியது. கறுப்பு வயர் கரண்ட் வருவது, வெள்ளை நியூட்ரல், 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அது அமெரிக்க முறை. இலங்கையில் 230 வோல்ட். இங்கே பழைய வீடுகளில் சிவப்பில்தான் கரண்ட் வரும், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய வயர்களில் மண்ணிறம், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது. நகரத்தில் பழைய வீடொன்றில் இருக்கும் ஒருவர் இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கறுப்பு வயரில் சுவிட்ச் வைத்தால் என்ன நடக்கும்? சுவிட்சை நிற்பாட்டினால் பல்ப் அணையும். ஆனால் ஹோல்டரில் கரண்ட் அப்படியே நிற்கும். பல்ப் மாற்றக் கதிரையில் ஏறுகிறவருக்கு அது தெரியாது. கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு சொல் இல்லை. வீடுகளில் பூட்டுவது 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிறது. உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது.

உப்புவெளியில் நெடுங்காலம் வயரிங் செய்கிற ஓர் ஐயாவிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டினோம். ஒரு பக்கம் பார்த்துவிட்டு, “எந்த நாட்டுக்கு எழுதினது எண்டு முதல்ல சொல்ல வேண்டாமா தம்பி?” என்றுதான் கேட்டார். அவர் சொன்ன பிறகு இரண்டு புத்தகங்களையும் அந்தக் கண்ணோடு திரும்பப் புரட்டினோம். எழுதியவர் பெயர் இல்லை. பதித்த ஆண்டு இல்லை. எந்த ஊரில் அச்சடித்தது என்று இல்லை. பின்னால் சொல்லடைவு இல்லை. எதையும் ‘செய்யாதே’ என்று சொல்லும் பக்கம் ஒன்றுகூட இல்லை. ஓர் உண்மையான தொழில் கையேட்டைத் திறந்தால் எச்சரிக்கைதான் முதலில் வரும்: மெயின் சுவிட்சை நிற்பாட்டு, ரெஸ்டரால் பார், இதற்கு மேல் நீ தொடாதே. தன் எல்லை எது என்று சொல்லாத கையேட்டை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

வாங்கும் முன் கடையில் நின்றபடியே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் புத்தகத்தில் தேடுங்கள். நாங்கள் சிர்கோனைத் தேடினோம். திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் நமக்குப் புல்மோட்டை மணல் தெரியும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்ற மூன்று கனிமங்களும் அங்கே கரையிலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்தப் புத்தகமோ சிர்கோன் ஆய்வுகூடத்தில் செய்யும் போலி வைரம் என்கிறது. போலி வைரமாகச் செய்வது கியூபிக் சிர்கோனியா, அது வேறு பொருள். புல்மோட்டையில் வேலை செய்த எங்கள் அயலவர் ஒருவர் அந்த வரியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். தெரிந்த இடத்தில் இப்படி என்றால், தெரியாத பக்கங்களில் என்னவெல்லாம் இருக்குமோ. நல்ல இரத்தினக் கையேட்டில் குவார்ட்ஸின் அடர்த்தி எண் (அதே கன அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பது) 2.65 என்றும், மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 4.0 என்றும் இருக்கும். கொழும்பில் நிறுத்தாலும் திருகோணமலையில் நிறுத்தாலும் அந்த எண்தான் வரும். பிழை என்றால் பிழை என்று காட்டிவிடலாம். ‘மனத்தின் கதவுகளைத் திறக்கும்’ என்ற வரியை யார் எதை வைத்து அளப்பது?

காசைத் திருப்பிக் கேட்டு அத்தான் போனபோது மண்டபம் காலியாகிவிட்டது. பற்றுச்சீட்டில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தால், புத்தகம் விற்றால் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இப்போது அந்த இலக்கம் வேலை செய்வதில்லை. பற்றுச்சீட்டில் ‘கல் செட் 1’ என்று மட்டுமே இருக்கிறது, கல்லின் பெயர் ஒன்றுமில்லை. மலாக்கைட், டர்கொய்ஸ் என்று பெயர் சொல்லித்தான் தந்தோம் என்று இனி அவர்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டப்படி வியாபாரியின் கடமை. அதில் கல்லின் பெயர், இயற்கையா, சாயம் ஏற்றியதா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாங்கள் முறையிட்டிருக்கிறோம். இதே பொதியால் ஏமாந்தவர்கள் நீங்களும் அழையுங்கள், ஒருவர் சொல்வதைவிடப் பலர் சொன்னால் கேட்பார்கள்.

சின்னம்மாவுக்குச் சில நாட்களில் குமட்டல் நின்றுவிட்டது. பிரஷர் குளிசையை டொக்டர் சொன்ன அளவுக்கே திரும்பப் போடுகிறார். அடுத்ததாக மூதூர், கிண்ணியாப் பக்கம் விற்பனை வைக்கப் போவதாக அந்த ஆட்கள் மண்டபத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அங்கே உறவினர் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பச்சைக் கல் போட்ட தண்ணீரைக் குடித்துக் குமட்டல் இருந்தால், அந்தக் கல்லையும் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளிசையைக் குறைத்திருந்தால் அதையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.